பத்துப் பட்ட இயந்திரம்

முதல் நாள் அதை நாற்றம் என்று சொல்ல முடியாது. பின்கட்டுக் கதவைத் திறந்தால், சோப்புத் தூளின் செயற்கை மல்லிகை வாசனைக்கு அடியில் புளிப்பாக, மெல்லியதாக ஏதோ ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் மல்லிகை போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கப் போனேன். கொட்டிலில் மறந்துபோன கழுநீர்ப் பானையின் மூடியை யாரோ என் முகத்துக்கு நேரே திறந்தது போலிருந்தது. உண்மையில் எதுவும் திறந்திருக்கவில்லை. திறக்க மறுத்ததுதான் எங்கள் துன்பம். சலவை இயந்திரத்தின் மூடி பூட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே தண்ணீரும், தண்ணீருக்குள் அப்பாவின் மடி வேஷ்டிகளும் இருந்தன. வெளியே வைகாசி வெயில்.

அம்மாவின் கைகளைப் பற்றிச் சொல்லாமல் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. அவளுடைய விரல் இடுக்குகளில் தோல் எப்போதும் வெந்து வெளுத்திருக்கும். கோடையில் அது வெடிக்கும்; மழைக்காலத்தில் நீர் கோத்துக்கொள்ளும். நகங்களின் ஓரம் கருத்து, இரண்டு நகங்கள் கழன்றே விழுந்துவிட்டன. சோற்றைப் பரிமாறும்போது கரண்டியை உள்ளங்கையால் அணைத்துப் பிடிப்பாள். விரல்களை மடக்க முடியாது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் இனிக் கை வைக்கவே கூடாது, வைத்தால் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான், மேலிருந்து துணி போடும் அந்தத் தானியங்கி இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்பா உடனே சம்மதிக்கவில்லை. அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலை ஒட்டிய எங்கள் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை கணக்கினால் வந்ததன்று. பெருமாள் புறப்பாட்டின்போது முன்னே பாசுரம் சேவித்துக்கொண்டு போகும் கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கு உரிய உடுப்பு மடியாக இருக்க வேண்டும். அதாவது, குளித்தவர் கையால் துவைத்து, பிறர் கை படாமல் கொடியில் உலர்ந்து, குளித்த பிறகே எடுத்து உடுத்திக்கொள்ளும் துணி; மற்றதெல்லாம் விழுப்பு. எல்லார் துணியும் ஒன்றாகச் சுழலும் ஒரு தொட்டியில் மடி எப்படி நிலைக்கும் என்று அவர் கேட்டார். பல நாள் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவருடைய வேஷ்டிகள் தனியாகத் துவைக்கப்படும். குளித்துவிட்டு அவரே அவற்றை உள்ளே போட்டு, அவரே பொத்தானை அழுத்துவார். எனக்குத் தெரிந்து அவர் அந்த வீட்டில் செய்த ஒரே வேலை அந்தப் பொத்தானை அழுத்தியதுதான். மடி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் சோம்பல் என்றும் பொருள் உண்டு. முதுகலை வகுப்பில் இதைக் கேட்ட அன்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அருகில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள்.

இயந்திரம் வந்த பிறகு அப்பாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. வேஷ்டி துவண்டு போகிறது. முன்பெல்லாம் அம்மா அலசி முடித்து, கஞ்சியில் முக்கி, உதறி உலர்த்துவாள். வேஷ்டி பலகை போல நிற்கும். இப்போது அவள் ஈரத்தில் கை வைப்பதில்லை. ஆகவே கஞ்சியும் இல்லை. சித்திரையில் ஒரு நாள் கோயிலிலிருந்து வந்தவர், மேல்துண்டைக் கொடியில் போட்டபடியே சொன்னார்.

"என்ன ஸ்வாமி, ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேஷ்டி இப்படித் துவண்டு கெடக்கேன்னு கேக்கறா. கோஷ்டில நின்னுண்டு நான் என்ன பதில் சொல்றது?"

"உடம்பு சரியில்லேன்னே சொல்லுங்கோளேன். பொய்யில்லையே," என்றாள் அம்மா. அவள் அப்படி எப்போதாவது ஒன்று சொல்லிவிட்டு, சொன்னது தான் இல்லை என்பதுபோல உள்ளே போய்விடுவாள்.

இயந்திரம் நின்றுபோன நாளின் காலையில் நடந்தவற்றைப் பின்னால் நான் பல முறை நினைவில் அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அப்பா குளித்துவிட்டு வேஷ்டிகளை உள்ளே போட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அப்பா பள்ளிக்கு ஏதோ விடைத்தாள் வேலையாகப் போய்விட்டார். சிறிது நேரத்தில், வடித்த கஞ்சியை மாட்டுக்கு வாங்கிப்போக வழக்கமாக வரும் பால்காரம்மா பின்வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாமா, இன்னிக்குக் கஞ்சி இல்லியா? சட்டி காலியா கீது?"

"வெச்சேனே. நீ எடுத்துண்டு போயிட்டேன்னு நெனச்சேன்," என்றாள் அம்மா.

"நானு இப்பதானம்மா வந்துக்கினு இருக்கேன்!"

பூனை கவிழ்த்திருக்கும் என்று பேச்சு முடிந்தது. பிறகு மின்சாரம் போனது. அந்த ஆண்டுக் கோடையில் அது போனால் மாலை வரை வராது. மாலையில் வந்தபோது, இயந்திரத்தின் முகப்பில் பூட்டுப் படத்துக்கு அருகே ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மூன்று முறை கூவியது, நின்றது, மறுபடி மூன்று முறை கூவியது. மூடியைத் தூக்கினால் அசையவில்லை.

அப்பா வந்து, எட்ட நின்று பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேனோல்லியோ? நீ என்ன பண்ணினே இதை?"

"நான் தொடவே இல்லையே. நீங்கதானே போட்டேள்."

"நான் போட்டா ஓடறது. நடுவுல யாரோ எதையோ திருகியிருக்கேள்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அப்படியானால் தானாகத்தான் இருக்கும் என்று அவள் அந்தக் கணமே நம்பத் தொடங்கியதை அவள் முகத்தில் கண்டேன். இயந்திரத்தின் நாற்றத்துக்கு முன்பே எனக்கு முதல் குமட்டல் அதைப் பார்த்துத்தான் வந்தது.

அப்பா தீர்ப்பும் சொல்லிவிட்டார். "உற்சவத்துக்குக் கொடி ஏத்தறதுக்குள்ள சரியாகலேன்னா செவிலிமேட்டுக்கு அனுப்பிடலாம். அவாளுக்கு மடி, விழுப்புன்னு ஒண்ணும் கெடையாது." செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்டு போயிருந்த சித்தப்பா, இயந்திரம் வந்த நாளிலிருந்தே அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தவர்.

மறுநாளே அம்மா துவைகல்லுக்குத் திரும்பிவிட்டாள். காலிப் பால் உறைகளைக் கைகளில் மாட்டி, பக்கத்துத் தெரு நெசவாளர் வீட்டில் கொடுத்த பட்டு நூல் கழிவால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். உறைக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் கையைத் தலைகீழாகப் பிடித்து அதை வடித்துவிட்டு மறுபடி துவைத்தாள். வடிந்த தண்ணீர் சற்றுச் சிவந்திருந்தது.

பழுது பார்ப்பவர் வரச் சில நாள் ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் பயனர் கையேட்டை எடுத்தேன். அதில் தமிழுக்கென்று சில பக்கங்கள் இருந்தன. 'மூடி மூடப்படாமை நேர்கையில் மூடியை மூடி, மூடி மூடியுள்ளமை உறுதி செய்க' என்று எழுதியிருந்தது. இதை எழுதியவரை நான் என்றாவது சந்திக்க விரும்புகிறேன். அடுத்த வரி, 'பூட்டு திறவாதாயின் மின் இணைப்பை அகற்றிப் பொறுத்திருக்க' என்றது. அது மட்டும் புரிந்தது. மின்செருகியைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். பூட்டுக்குள் சூடாகும் ஏதோ ஓர் உறுப்பு இருக்கிறது, சூடு தணிந்ததும் அது தானே விடுபடும், அப்போது 'டக்' என்று ஓசை வரும் என்று படத்திலிருந்து ஊகித்தேன். மூடியில் காதை வைத்துக் கேட்டேன். ஓசை வரவில்லை. காதில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது.

மூடியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்று மூலைகள் சிறிது அமுங்கி எழுந்தன. வலப்பக்க முன்மூலை மட்டும் அசையாமல் இறுகியிருந்தது. சிக்கல் அங்கேதான் என்று ஒரு காகிதத் துண்டை இடுக்கில் நுழைத்தேன். பாதியில் தடுத்தது. இழுத்தபோது காகிதத்தின் நுனி வெண்மையாக, கெட்டியாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன்; உடனே வருந்தினேன்.

தண்ணீரையாவது வெளியேற்றுவோம் என்று வடிகுழாயைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் தாழ்த்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஏப்பம் போல் ஓர் ஒலி. அதன்பின் சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று, நூல் நூலாக இழுபட்டு ஏதோ வடிந்தது. என் கால் விரல்களின் மேல் விழுந்து, ஓடாமல் அங்கேயே தங்கியது. கழுவக் கழுவ வழுக்கியது. சோப்புத் தண்ணீர் எத்தனை நாள் நின்றாலும் இப்படிக் கெட்டிப்படாது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் குமட்டல் வரும்போது சிந்தனை ஓடுவதில்லை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்த நாட்களில் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அப்பா சாப்பிட்டார். பின்கட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இலை முன் அமர்ந்து ரசத்தைப் பிசைந்தபடி, "சாத்துமுது இன்னிக்கு நன்னா அமைஞ்சிருக்கு," என்றார். அம்மா கரண்டியை உள்ளங்கையால் அணைத்துப் பரிமாறினாள். அவர் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. கரண்டியைத்தான் பார்த்தார். இலையில் விழுவதைத்தான் பார்த்தார். நாற்றம் சாத்திய கதவின் அடியிலிருந்து வந்து எங்கள் மூவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

பழுது பார்ப்பவர் ஒரு முற்பகலில் வந்தார். முப்பது வயதிருக்கும். பின்கட்டுக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது, உள்ள எதுனா செத்துக் கெடக்குதா? எலி கிலி?"

"மிஷினோட நாத்தம்தான்பா அது," என்றார் அப்பா, வாசற்படியிலிருந்து. அவர் குளித்து மடியாக நின்றார். ஆகவே அதற்கு மேல் வரவில்லை.

வந்தவர் செருகியை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை கூவியது. உடனே பிடுங்கினார்.

"போர்டு போயிடுச்சு சார். மாத்தணும்."

"போர்டு போயிருந்தா லைட் எப்படி எரியறது?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காலேஜா?"

"ஆமாம்."

"அதான் பார்த்தேன்." அப்பாவிடம் திரும்பினார். "அப்போ லிட் லாக் போயிருக்கும் சார். ரெண்டுல ஒண்ணு. வண்டில ஏத்தி எட்னு போயிடறேன், அங்க வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"எடுத்துண்டு போனா எப்ப வரும்?" என்றாள் அம்மா.

"அது சொல்ல முடியாதும்மா. பார்ட்டு மெட்ராஸ்லேர்ந்து வரணும். உற்சவ டைமு வேற, வண்டியெல்லாம் சுத்திக்கினு வரணும், ஒரே பேஜாரு."

"அப்படின்னா வேண்டாம்," என்றார் அப்பா, சற்று விரைவாகவே. "நான் தம்பிக்குச் சொல்லி அனுப்பிடறேன். அவன் பாத்துப்பான்."

அம்மா பால் உறை மாட்டிய கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். வெளியார் ஒருவர் முன்னால் அந்தக் கைகள் தெரியக் கூடாது என்று நினைத்தாள் போலும். நான் பொதுவாக அந்நியர் முன் பேசுகிறவள் அல்லள். அதுவும் அப்பா நிற்கும்போது. அன்று பேசினேன்.

"இந்த மூலை மட்டும் இறுகியிருக்கு. இங்க ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. அதைக் கழட்டிப் பாத்துட்டு எடுத்துண்டு போங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் கழற்றினார். விளிம்பை ஒட்டி இருந்த சிறிய பிளாஸ்டிக் மூடாக்கு வந்ததும், பூட்டு தெரிந்தது. பூட்டு இருந்த இடம் தெரிந்தது என்பதே சரி. தாழ்க்கோல் நுழையும் துளையைச் சுற்றி வெண்மையாக ஓர் ஓடு படிந்து இறுகியிருந்தது. அதன் மேல் சாம்பல் பூத்திருந்தது. பூத்ததன் ஓரத்தில் ஒருவகை இளஞ்சிவப்பு.

"பாத்தீங்களா, சுண்ணாம்பு. போர்த் தண்ணி. இந்த ஊர்ல எல்லா ஊட்லயும் இதே கதைதான்." திருப்புளியால் தட்டினார். உதிரவில்லை. கையில் பட்ட அழுக்கை, கொடியில் அம்மா அப்போதுதான் உலர்த்தியிருந்த துண்டில் துடைத்துக்கொண்டார். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்பு இளஞ்சிவப்பாகப் பூக்காது. புளித்தும் நாறாது. நான் ஒரு குச்சியால் அந்த ஓட்டின் ஓரத்தைக் கிளறினேன். கல்லாக உடையாமல், உலர்ந்த பசைபோலச் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. வெந்நீர் வேண்டும் என்றேன். அம்மா செம்பில் கொண்டுவந்தாள். பழைய துணியை வெந்நீரில் நனைத்து அதன் மேல் வைத்து எடுத்தேன். மறுபடி வைத்தேன். ஓடு இளகியது, வெள்ளையாக, வழவழவென்று, விரலுக்கும் துணிக்கும் நடுவே இழுபட்டது. வடிகுழாயைத் தாழ்த்தியபோது என் கால் விரல்களில் தங்கியதும் இதுவேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். தாழ்க்கோலின் முனை வெளிப்பட்டது. அதில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்து, நீளவாக்கில் பிளந்து, ஒரு பருக்கை.

"இப்போ தள்ளுங்கோ," என்றேன்.

அவர் திருப்புளியின் நுனியால் தாழ்க்கோலைத் தள்ளினார். 'டக்'. நான் காதை வைத்துக் காத்திருந்த ஓசை அதுதான்.

மூடியை அவர்தான் தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே பின்வாங்கினார். நாற்றத்தை விவரிப்பதில் எனக்கு எந்தச் சுவையும் இல்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். சாம்பல் நிறக் கூழ். அதன் மேல் ஆடை. ஆடையைப் பிளந்துகொண்டு முண்டும் முடிச்சுமாக வேஷ்டிகள். பச்சைக் கரை கருத்து, வெள்ளையில் கரும்புள்ளிகள் பூத்து. அந்த மடிப்புகள் எல்லாவற்றிலும் வெள்ளையாக, உப்பி, நெளிவது போலத் தோன்றுகிற எண்ணற்ற சிறு சிறு உருவங்கள்.

"பெருமாளே, புழு!" என்றாள் அம்மா.

வந்தவர் திருப்புளியால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டைக்குள்ளிருந்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"புழு இல்லம்மா, சோறு. மிஷின்ல பொங்கல் வெச்சீங்களா இன்னா?"

அம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, இது பத்துன்னா! மடி வேஷ்டியெல்லாம் பத்தாயிடுத்தே!"

"பத்தா? அப்டி எரர் ஒண்ணும் இல்லியேமா," என்றார் வந்தவர். "இந்த மாடல்ல எட்டு வரைக்கும்தான்."

அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் வழக்கில் பத்து என்பது எண் அன்று. வெந்த சோறு பத்து; சோறு பட்ட கை, பாத்திரம், இடம் எல்லாம் பத்து. பத்துக் கையால் பால், தயிரைத் தொடக் கூடாது. மடித் துணியின் அருகே கூடப் போகக் கூடாது. தொட்டால் கையை அலம்ப வேண்டும். சமையல் நடக்கும் தளிகை அறையில் என் வாழ்நாளின் முதல் பாடமே அதுதான்.

"கஞ்சி," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அன்னிக்குச் சட்டியிலேர்ந்து காணாமப் போன கஞ்சி. ஆனா நான் கஞ்சியே போடலையே. போட்டாலும் ஜவ்வரிசியைக் காய்ச்சி, துணியில வடிகட்டித்தானே போடுவேன். வடிச்ச கஞ்சி பத்தாச்சே, அதை யாராவது மடிக்கு…"

அங்கே நின்றுவிட்டாள். வீட்டில் இருப்பது மூன்று பேர்.

வாசற்படியிலிருந்து அப்பா பேசினார். குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. வியப்பு இருந்தது, சிறிது எரிச்சலும்.

"நீயும் அதைத்தானே போடுவே? சாதம் வடிச்ச கஞ்சிதானே?"

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நீண்ட நேரம் அவள் அவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

"இல்லையே," என்றாள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் அந்த ஒரு சொல்லில் முடிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஜவ்வரிசியை ஊறவைத்து, காய்ச்சி, பழைய மல் துணியில் பிழிந்து, வேஷ்டியை முக்கி, உதறி உலர்த்தியிருக்கிறாள். ஊறவைத்ததும் பிழிந்ததும் அவர் கண்ணெதிரே, இந்தப் பின்கட்டில்தான். தம்முடைய மடியைத் தாங்கிப் பிடித்தது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. யாருமில்லாத சமயம் பார்த்து, பால்காரம்மாவின் மாட்டுக்கு வைத்த சட்டியை எடுத்து, பருக்கையோடு அப்படியே வேஷ்டிகளின் மேல் கவிழ்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். விளிம்பில் வழிந்தது பூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. வெயிலும் மின்வெட்டும் அதை இறுக்கியிருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு அவர் இத்தனை நாள் மௌனமாக, அம்மா எதையோ திருகியிருப்பாள் என்ற எண்ணம் வீட்டில் நிலைத்திருக்கும்படி விட்டுவிட்டு, சாத்துமுது நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சிக்கும் பூட்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். அது என் அருவருப்பைக் குறைக்கவில்லை.

"எங்க ஊட்ல தறியில பாவு நூலுக்குக் கஞ்சி போடுவாங்கோ சார்," என்றார் வந்தவர், யாருக்கும் வேண்டாத உற்சாகத்தோடு. "பாவுக்குக்கூட வடிகட்டித்தான் போடுவாங்கோ. நீங்க இன்னா, குழம்பு மட்டும்தான் ஊத்தல."

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளியில் வகுப்பை அடக்கும்போது அப்படித்தான் செருமுவார் என்று அவருடைய மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"எப்படியோ ஆயிடுத்து. இனிமே இது மடிக்கு ஆகாது. பத்துப் பட்ட வஸ்து. செவிலிமேட்டுக்கே போகட்டும்."

நான் அவரையே பார்த்தேன். தம் கையால் அசுத்தம் செய்துவிட்டு, அந்த அசுத்தத்தையே சாட்சியாக நிறுத்தி, இயந்திரத்தை வெளியே அனுப்புகிறார். கோபத்தில் அல்ல, முழு நம்பிக்கையோடு, சாத்திரம் சொல்வது போல. தொட்டிக்குள் கிடந்த கூழைவிட அந்த நிதானம் எனக்குக் குமட்டியது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் அம்மா பேசிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பத்துப் பட்ட பாத்திரத்தையெல்லாம் செவிலிமேட்டுக்கு அனுப்பிச்சுடறோமா? அலம்பித்தானே வெச்சுக்கறோம்? இதுவும் அலம்பற மிஷின்தானே. தண்ணியை விட்டு நன்னா ரெண்டு தரம் ஓட விட்டா ஆச்சு."

அப்பாவின் விதியும் அதுதான். பத்துக்கு அலம்புவதே பரிகாரம். வேறு பரிகாரம் எந்த வீட்டிலும் கிடையாது.

"சரி, சரி. நான் தீர்த்தமாடிட்டு வரேன். இங்க நின்னதே போதும்," என்று திரும்பினார்.

"எப்படியும் தீர்த்தமாடத்தானே போறேள்," என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடி இந்த வேஷ்டியையெல்லாம் எடுத்து வெளில போட்டுட்டுப் போயிடுங்கோ. உங்க வேஷ்டிதானே. நீங்க போட்டதுதானே."

இதைச் சொல்லும்போதே அவள் மணிக்கட்டிலிருந்த பட்டு நூலைப் பல்லால் கடித்து இழுத்து, பால் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றியவற்றை நீவி மடித்து, கிணற்றடிச் சுவரில் இருந்த மாடத்தில் வைத்தாள். அப்போதுதான் வந்தவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவரும் தொட்டியை நோக்கிக் கையை நீட்டவில்லை. திருகாணிகளைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். நானும் நகரவில்லை.

பின்பு அப்பா படியிறங்கி வந்தார். மேல்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். இரண்டு விரல் நுனிகளால் முதல் வேஷ்டியைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. பிற வேஷ்டிகளோடு முறுக்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட வேண்டியிருந்தது. முழங்கை வரை விட்டார். கூழ் அவர் கைகளில் ஏறி, மணிக்கட்டு மயிரில் ஒட்டி, பருக்கைகளோடு சொட்டியது. அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்களை இடுக்கி, உதடுகளைச் சுருக்கிக்கொண்டார். ஓங்கரிப்பு ஒன்று தொண்டை வரை வந்து அடங்கியது.

நான் அந்த முகத்தை விடாமல் பார்த்தேன். அந்த வீட்டின் அழுக்குத் துணிகள் அத்தனையும், காய்ச்சலில் வாந்தியெடுத்த படுக்கை விரிப்புகளும் என் குழந்தைப் பருவத்துக் கந்தல்களும் உட்பட, அம்மாவின் கைகள் வழியாகத்தான் போயிருக்கின்றன. அவள் முகத்தில் இப்படி ஒரு தோற்றத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அது அவளுக்கு அனுமதிக்கப்படவில்லை என்பதே இதுவரை எனக்குத் தோன்றாமல் இருந்தது.

வேஷ்டிகளைத் துவைகல்லின் அருகே போட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் ஓசை வெகுநேரம் கேட்டது. வந்தவர் மூடாக்கைத் திருகிவிட்டுச் செருகியை மாட்டச் சொன்னார். வெறும் தண்ணீர் நிறைந்தது. மூடியைச் சாத்தியதும் பூட்டு 'டக்' என்றது. சிவப்பு விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. தொட்டி சுழலத் தொடங்கியது. அம்மா அதன் மேல் கையை வைத்து அதிர்வைப் பார்த்தாள். காய்ந்த கை. இரண்டு முறை ஓடவிட்டாள். பின்கட்டில் அந்த நாற்றம் முழுவதும் போக அதற்குப் பிறகும் பல நாளாயிற்று. சூடான சாதத்தை வடிக்கும்போது எழும் ஆவி எனக்கு இன்றும் பிடிப்பதில்லை.

கொடியேற்றத்தன்று காலையில் அப்பா, இயந்திரத்தில் துவைத்து உலர்ந்த வேறொரு வேஷ்டியைக் கொடியிலிருந்து எடுத்தார். அது துவண்டிருந்தது. விரல்களால் நீவிப் பார்த்தார். தளிகை அறையின் பக்கம் திரும்பினார். அங்கே ஜவ்வரிசி டப்பா வழக்கமான அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படியாக இருந்தது. அதை எப்படிக் காய்ச்சுவது என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அந்தத் துவண்ட வேஷ்டியையே உடுத்திக்கொண்டு கோஷ்டிக்குப் போனார்.